ஆர்கிட் செடியைக் கொல்வது வெயில் இல்லை, போர் தண்ணீர்! சோழவரம் பக்கத்து வீடுகளில் ஆர்கிட் வளர்ப்பது எப்படி?

கல்யாண வரவேற்பு மேடையில் ஊதாவும் வெள்ளையுமாகக் கொத்துக் கொத்தாகத் தொங்கும் பூ. ஹோட்டல் வரவேற்பறை மேஜையில் ஒற்றைக் காம்பில் வரிசையாக நிற்கும் பூ. பார்த்தவுடனே 'நம்ம வீட்டிலும் ஒன்று இருந்தால் நல்லா இருக்குமே' என்று தோன்ற வைப்பது ஆர்கிட். நர்சரியில் சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கி வந்தாச்சு. முதல் மாதம் பூ ஜோராக இருக்கும். இரண்டாவது மாதம் இலை நுனி கருகும். மூன்றாவது மாதம் வேர் கருத்து, செடி ஆடிப்போய், குப்பைத் தொட்டிக்குப் போகும்.

உடனே எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "இது ஊட்டி, கொடைக்கானல் செடி. நம்ம ஊர் வெயில் தாங்காது."

இது பாதி உண்மைகூட இல்லை. சோழவரம், செங்குன்றம், காரனோடை, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி சுற்றுவட்டாரத்தில் வீட்டு ஆர்கிட்கள் சாவதற்கு வெயிலைவிட முக்கியமான இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, தொட்டிக்குள் இருக்கும் மண். இன்னொன்று, தொட்டிக்குள் ஊற்றும் தண்ணீர். இந்த இரண்டையும் சரி செய்துவிட்டால், கத்திரி வெயிலிலும் செடி தாக்குப்பிடிக்கும்.

வெயில் தாங்கும் ஆர்கிட் இருக்கா?

இருக்கு. நம்ம ஊர்லயே இருக்கு. இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறை 2019-ல் வெளியிட்ட கணக்குப்படி நாட்டில் 1,256 வகை ஆர்கிட்கள் உள்ளன. பெரும்பாலானவை வடகிழக்கு மாநிலங்களிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருப்பவை. ஆனால் வாண்டா டெஸலாட்டா என்ற ஆர்கிட், சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய வறண்ட பசுமைமாறாக் காடுகளிலும் கோயில் காடுகளிலும் மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு வளர்கிறது. மே மாத அனல், அக்டோபர் அடைமழை இரண்டையும் அது பார்த்த செடி. அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, உரம் வைப்பதில்லை.

கடைகளில் கிடைப்பவற்றில் நம்ம பக்கத்துக்குப் பொருத்தமானது டென்ட்ரோபியம். கல்யாண மேடையில் பார்க்கும் அந்த ஊதா-வெள்ளைப் பூ பெரும்பாலும் இதுதான். இன்றைய டென்ட்ரோபியம் கலப்பினங்கள் பலவற்றின் மூதாதை, ஆஸ்திரேலியாவின் வடகோடியான குயின்ஸ்லாந்திலும் நியூ கினியாவிலும் வளர்வது. வெப்பமான இடம், நல்ல மழைக்காலம், அதன் பிறகு நீண்ட வறட்சி. கிட்டத்தட்ட நம்ம திருவள்ளூர் மாவட்டக் கதைதான். கரும்பு மாதிரி கணு வைத்துத் தடித்து நிற்கும் தண்டில் அது தண்ணீரையும் சத்தையும் சேமித்து வைத்துக்கொள்கிறது. அதனால் இரண்டு நாள் மறந்துபோனாலும் செத்துவிடாது.

அடுத்தது வாண்டா, அதன் கலப்பினமான மொக்காரா. இவற்றுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும். மொட்டை மாடி இருப்பவர்களுக்கு நல்லது. சிங்கப்பூரின் தேசிய மலர் இந்த வாண்டா குடும்பத்துப் பூதான். 1893-ல் பதிவான வாண்டா மிஸ் ஜோக்கிம் என்ற அந்தக் கலப்பினத்தை 1981-ல் தேசிய மலராக அறிவித்தார்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், வருஷம் முழுக்கப் புழுங்கும் ஊர் அது. அங்கே சாலையோரத்திலேயே ஆர்கிட் பூக்கிறது.

சிக்கலான ஆள் ஃபலனாப்சிஸ். பட்டாம்பூச்சி மாதிரி அகலமான பூவோடு பரிசுப் பொருளாகக் கொடுப்பார்களே, அதுதான். இதுவும் வெப்பமண்டலச் செடிதான், ஃபிலிப்பைன்ஸ், தைவான் பக்கத்து இனங்களிலிருந்து வந்தது. ஆனால் மரநிழலில் வளர்ந்த பரம்பரை. நேரடி வெயில் பட்டால் அன்றைக்கே இலை வெந்துவிடும். முதல் முறை ஆர்கிட் வாங்குபவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. பூ அழகில் மயங்கி முதலில் இதை வாங்கி, 'ஆர்கிட்டே நமக்கு வராது' என்று முடிவு கட்டிவிடுபவர்கள்தான் அதிகம்.

தொட்டியில் மண் போடக் கூடாதா? ஏன்?

கூடவே கூடாது. செம்மண்ணும் வேண்டாம், மண்புழு உரக் கலவையும் வேண்டாம், கடையில் செங்கல் மாதிரி கட்டியாக விற்கும் தென்னை நார்க்கழிவும் வேண்டாம்.

வீட்டில் வளர்க்கும் ஆர்கிட்கள் எல்லாமே அநேகமாக மரத்தில் ஒட்டி வளரும் வகை. மரத்தின் சத்தை உறிஞ்சும் ஒட்டுண்ணி இல்லை, சும்மா உட்கார இடம் கேட்கும் செடி. அதன் வேர் மண்ணுக்குள் போகாமல் காற்றில் தொங்கியே பழக்கப்பட்டது. வேரைச் சுற்றி வேலமன் என்ற பஞ்சு போன்ற உறை இருக்கும். காய்ந்திருக்கும்போது வெள்ளி மாதிரி வெளுப்பாகத் தெரியும். தண்ணீர் பட்டதும் சில நிமிஷத்தில் பச்சையாக மாறும். மழை பெய்யும் கொஞ்ச நேரத்தில் கிடைத்ததை உறிஞ்சிக்கொண்டு, பிறகு காற்றில் உலர்வதுதான் அந்த வேரின் வேலை. அதை ஈர மண்ணுக்குள் புதைத்தால் மூச்சு முட்டி அழுகிவிடும்.

எனவே தொட்டிக்குள் போட வேண்டியது காற்று புகும் பொருட்கள். விரல் கணு அளவுக்கு உடைத்த அடுப்புக்கரி, உடைந்த ஓட்டுச் சில்லு அல்லது செங்கல் துண்டு, தேங்காய் மட்டையை வெட்டிய துண்டு. இந்த மூன்றும் போதும். பக்கவாட்டில் துளை உள்ள மண்தொட்டி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் பிளாஸ்டிக் தொட்டியில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுற்றிலும் ஓட்டை போட்டுக்கொள்ளலாம். வாண்டாவுக்கு இதுகூடத் தேவையில்லை. வெறும் மரக்கூடையில் வேரைத் தொங்கவிட்டால் போதும்.

தேங்காய் மட்டையில் ஒரு விஷயம் கவனிக்கணும். அதில் இயல்பாகவே உப்பும் துவர்ப்புச் சாறும் உண்டு. வெட்டிய துண்டுகளை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பழுப்பு நீரைக் கொட்டி, மறுபடி ஊறவைத்து, மூன்று நாள் இப்படிச் செய்த பிறகே பயன்படுத்த வேண்டும். கரியும் காலப்போக்கில் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடலாம்.

நர்சரியிலிருந்து வரும் ஃபலனாப்சிஸ் பெரும்பாலும் பாசியை இறுக்கி அடைத்த சின்ன பிளாஸ்டிக் கோப்பையில் இருக்கும். குளிரூட்டிய கண்ணாடிக் கூடத்துக்கு அது சரி. நம்ம புழுக்கத்தில் அந்தப் பாசி காயவே காயாது. பூ உதிர்ந்ததும் முதல் வேலையாகப் பாசியைப் பிரித்தெடுத்து, கருத்த வேர்களை வெட்டி, கரித் தொட்டிக்கு மாற்றுங்கள்.

சோழவரம் பக்கத்துத் தண்ணீரில் அப்படி என்ன பிரச்சினை?

சென்னைக்குக் குடிநீர் கொடுக்கும் ஏரிகளில் சோழவரமும் ஒன்று. முழுக் கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி. தாமரைப்பாக்கம் அணைக்கட்டு வழியாகக் கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீர் இங்கே வந்து, இங்கிருந்து புழல் ஏரிக்குப் போகிறது. ஆனால் ஏரிக்கரைக்குப் பக்கத்திலேயே இருந்தாலும், இந்தப் பகுதியில் பல வீடுகளில் குளிக்க, துவைக்க, செடிக்கு ஊற்ற என்று எல்லாவற்றுக்கும் ஓடுவது போர் தண்ணீர்தான்.

ஆரணியாறு-கொசஸ்தலை ஆற்றுப் படுகையின் நிலத்தடி நீர் ஒரு காலத்தில் வற்றாத சொத்தாகப் பார்க்கப்பட்டது. 1960-களின் இறுதியிலிருந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் வரிசையாக ஆழ்துளைக் கிணறுகள் போட்டு நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் தண்ணீர் எடுக்கப்பட்டது. விவசாயத்துக்கும் எடுத்தார்கள். எடுத்த அளவுக்கு மழை திரும்ப நிரப்பவில்லை. விளைவு, மீஞ்சூர்-பொன்னேரி பக்கம் நிலத்துக்கு அடியில் கடல்நீர் உள்ளே புகுந்தது. இது பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் பதிவு செய்து வரும் பிரச்சினை. நெல் வயலையும் குடிநீரையும் பாதித்த அதே உப்புதான், சின்ன அளவில், மாடித் தோட்டத்துத் தொட்டியிலும் வேலை காட்டுகிறது.

எல்லா வீட்டுத் தண்ணீரும் ஒரே மாதிரி இருக்காது. கடலை நோக்கிப் போகப் போக உவர்ப்பு கூடும். ஒரே தெருவில் 60 அடி போருக்கும் 200 அடி போருக்கும்கூட வித்தியாசம் உண்டு. அதனால் ஊகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள். பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டர் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆர்ஓ மெஷின் சர்வீஸ் பண்ண வருகிறவரிடமும் அது இருக்கும், அவரையே அளக்கச் சொல்லலாம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை, ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று அது காட்டும்.

மனிதர்கள் குடிக்கும் தண்ணீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு வைத்திருக்கும் விரும்பத்தக்க வரம்பு 500. வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை அனுமதி. ஆர்கிட் அவ்வளவு பெருந்தன்மையான ஆள் இல்லை. 100-க்குக் கீழே இருந்தால் சந்தோஷம். 200 வரை கவலையில்லை. 300, 400 என்றால் சமாளிக்கலாம், ஆனால் அடிக்கடி தொட்டியை அலசணும். 500-ஐத் தாண்டினால் ஊற்றாமல் இருப்பதே மேல்.

இத்தனை கறார் ஏன்? ஒரு சின்னக் கணக்கு. ஒரு தொட்டிக்குத் தினமும் 200 மில்லி தண்ணீர் ஊற்றுகிறோம். மாதத்துக்கு 6 லிட்டர். தண்ணீரின் டிடிஎஸ் 1,500 என்றால், அந்த 6 லிட்டரில் 9 கிராம் உப்பு. டீஸ்பூனில் அள்ளினால் ஒன்றரை ஸ்பூன். கொஞ்சம் அடித்துளை வழியாக வெளியே போய்விடும். மீதியில் தண்ணீர் மட்டும் ஆவியாகிறது, உப்பு அங்கேயே தங்குகிறது. வெயில் ஏற ஏற அதிகம் ஊற்றுவோம், அதிகம் ஆவியாகும், அதிகம் உப்பு சேரும். அந்தப் பஞ்சு வேர் அதை அப்படியே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கடைசியில் வேர் நுனி கருகி, தண்ணீர் இருந்தும் உறிஞ்ச முடியாமல் செடி காய்கிறது. நாமோ 'வெயில்ல காயுது' என்று இன்னும் ஒரு சொம்பு அதே தண்ணீரை ஊற்றுவோம்.

மே மாதத்தில் சாகிற ஆர்கிட்களில் பாதி இப்படித்தான் சாகின்றன என்று சொன்னால்கூட மிகையாக இருக்காது. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். இலை நுனி மட்டும் பழுப்பாகக் கருகும். மண்தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருக்கும். வேர் நுனி பச்சையாகவோ சிவப்பாகவோ இல்லாமல் கருப்பாக முடிந்திருக்கும்.

அப்போ எந்தத் தண்ணீரை ஊற்றுவது?

மழைத் தண்ணீர். அதற்கு இணை எதுவுமில்லை.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டது. பெரும்பாலான வீடுகளில் மாடியிலிருந்து குழாய் இறங்கி நேராக நிலத்துக்குள் போகும். அந்தக் குழாயில் ஒரு கிளை வைத்து 200 லிட்டர் டிரம்மில் பிடித்தால் ஆர்கிட்டுக்குப் போதும். 100 சதுர அடி மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 93 லிட்டர் தண்ணீர் விழுகிறது. சிதறியது, ஊறியது போக 80 லிட்டர் கிடைக்கும் என்று வையுங்கள். வடகிழக்குப் பருவமழையில் ஒரே நாளில் 5 சென்டிமீட்டர் பெய்வது இந்தப் பக்கம் சாதாரணம். அந்த ஒரு நாளிலேயே இரண்டு டிரம் நிரம்பிவிடும். பத்துச் செடிக்கு நாளைக்கு 2 லிட்டர் என்றால் ஒரு டிரம் நூறு நாளுக்கு வரும். மார்ச் முதல் ஜூன் வரையிலான கோடையை இரண்டு டிரம் வைத்து ஓட்டிவிடலாம்.

பிடிக்கும்போது முதல் கால் மணி நேர மழையை விட்டுவிடணும். ஜிஎன்டி சாலை லாரிப் புழுதி, தொழிற்சாலைத் தூசி, புறா எச்சம் எல்லாம் அதில்தான் வரும். மாடியில் சுண்ணாம்பு அடித்திருந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். டிரம் கருப்பு அல்லது அடர் நீல நிறத்தில் இருந்தால் பாசி பிடிக்காது. மூடியும் கொசுவலையும் கட்டாயம். திறந்து வைத்த டிரம்மில் டெங்கு கொசு வளர்த்துவிட்டு ஆர்கிட் வளர்த்து என்ன பிரயோஜனம்?

மழைநீர் குறைவாக இருந்தால் கலந்து ஓட்டலாம். போர் தண்ணீர் 900, மழைநீர் 20 என்றால், ஒரு பங்கு போர் தண்ணீருக்கு நாலு பங்கு மழைநீர் சேர்த்தால் 200-க்குக் கீழே வந்துவிடும்.

ஆர்ஓ தண்ணீர்? அதுவும் நல்லதுதான். ஆனால் குழாயில் வெளியேறும் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆர்கிட்டுக்கு மட்டும் வேண்டாம், ஏனென்றால் நல்ல தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் மெஷின் தண்ணீரும் வேண்டாம், அது சுண்ணாம்பு உப்பை எடுத்துவிட்டு சோடியத்தைச் சேர்க்கிறது. ஏசி குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை என்பதால், சுத்தமான பக்கெட்டில் பிடித்துப் பயன்படுத்தலாம். மெட்ரோ வாட்டர் வருகிறவர்கள் குளோரின் போக ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டு ஊற்றலாம், அதையும் ஒருமுறை டிடிஎஸ் பார்த்துக்கொள்வது நல்லது.

ஏற்கெனவே உப்பு ஏறிய தொட்டியா? தொட்டியின் கொள்ளளவைப்போல மூன்று நாலு மடங்கு மழைநீரை மெதுவாக ஊற்றி, அடியில் வழிய விடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இப்படி அலசினால் புது வேர் விட ஆரம்பிக்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊற்றணும்?

நாள் கணக்கு பார்க்க வேண்டாம், வேரின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளியாக வெளுத்திருந்தால் ஊற்றலாம். பச்சையாக இருந்தால் காத்திருக்கலாம். அக்னி நட்சத்திரக் காலத்தில் டென்ட்ரோபியத்துக்குத் தினமும் ஒருமுறை, வெறும் வேராகத் தொங்கும் வாண்டாவுக்கு இரண்டு முறை தேவைப்படும். கடற்கரையை ஒட்டிய வடசென்னையைவிட சோழவரம் கொஞ்சம் உள்ளே தள்ளி இருப்பதால் கடல்காற்று தாமதமாகத்தான் வந்து சேரும். அதுவரை அடிக்கும் மேற்கத்திய வறட்டுக் காற்று செடியை உலர்த்திவிடும். தொட்டிகளை ஒன்றாக நெருக்கி வைத்து, கீழே ஈரக் கோணிப்பையோ தண்ணீர் தெளித்த ஜல்லித் தட்டோ வைத்தால் சுற்றிலும் ஈரப்பதம் நிற்கும்.

காலையில் ஊற்றுவதுதான் சரி. சாயங்காலத்துக்குள் இலை இடுக்கு உலர்ந்துவிட வேண்டும். இரவில் குருத்தில் தண்ணீர் நின்றால் அழுகல் வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பிரச்சினை தலைகீழ். நாலு நாள் விடாமல் பெய்தால் ஃபலனாப்சிஸைக் கட்டாயம் கூரைக்குள் எடுத்துவிடுங்கள். டென்ட்ரோபியம் மழையைத் தாங்கும், தொட்டியில் தண்ணீர் தேங்காமல் இருந்தால் போதும்.

மாடியா, பால்கனியா? எங்கே வைப்பது?

கிழக்குப் பார்த்த பால்கனி கிரில்தான் சுலபமான இடம். காலை வெயில் படும், மதிய வெயில் படாது. மொட்டை மாடி என்றால் டென்ட்ரோபியத்துக்கு 50 சதவீத நிழல்வலை, ஃபலனாப்சிஸுக்கு 75 சதவீதம். மாடித் தரையில் தொட்டியை நேரடியாக வைக்காதீர்கள். கான்கிரீட் தளம் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்கக் கக்கும். தடித்த இலை ஆர்கிட்கள் இலைத்துளைகளைப் பகலில் மூடிவைத்து ராத்திரியில்தான் திறக்கின்றன, அந்த நேரத்தில் கீழே இருந்து அனல் அடித்தால் செடி இளைக்கும். மூன்றடி உயர ஸ்டாண்ட் போதும், அல்லது கம்பியில் தொங்கவிடலாம்.

வெளிச்சம் சரியா என்பதை இலையே சொல்லிவிடும். கரும்பச்சை இலை பார்க்க அழகு, ஆனால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம், பூக்காது. மஞ்சளடித்தால் வெளிச்சம் அதிகம். இளம்பச்சையாக இருந்தால் சரி. தொழிற்பேட்டைப் பக்கத்து வீடுகளில் இலைமேல் தூசி படலமாகப் படியும், வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துவிடணும்.

உரம் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. உரக்கடையில் கிடைக்கும் நீரில் கரையும் 19:19:19 உரம், லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை, மழைநீரில் கரைத்து. அவ்வளவுதான். உரமும் ஒரு உப்புதான் என்பதை மறக்க வேண்டாம். அரிசி கழுவிய தண்ணீர், மோர் எல்லாம் ரோஜாவுக்குப் போகட்டும். கரிக்கும் மட்டைக்கும் நடுவே அது புளித்து, எறும்பும் பூஞ்சையும் வரும்.

மாவுப்பூச்சி, செதில் பூச்சி வந்தால் முதலில் பஞ்சை ஈரமாக்கித் துடைத்தெடுங்கள், அப்புறம் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 3 மில்லி, சில சொட்டு சோப்புக் கரைசலோடு, வெயில் இறங்கிய பிறகு தெளிக்கலாம். மழைக்காலத்தில் இலை திடீரென்று கருத்துக் குழைந்தால் காத்திருக்கக் கூடாது. நெருப்பில் காட்டிய கத்தியால் நல்ல பகுதியையும் கொஞ்சம் சேர்த்து வெட்டி எறிந்து, வெட்டிய இடத்தில் சமையலறைப் பட்டைத் தூளைத் தடவுங்கள். வேரில் மட்டும் அந்தத் தூள் படக் கூடாது, காயவைத்துவிடும்.

ஆன்லைனில் விதை விற்கிறார்களே, வாங்கலாமா?

வாங்க வேண்டாம். 'ஆர்கிட் விதை 100 எண்ணம்' என்று வண்ணப் படத்தோடு வரும் விளம்பரங்கள் சுத்த ஏமாற்று. ஆர்கிட் விதை கண்ணுக்கே சரியாகத் தெரியாத தூசி. மற்ற விதைகளைப்போல உள்ளே உணவுச் சேமிப்பு கிடையாது. இயற்கையில் ஒரு குறிப்பிட்ட பூஞ்சையின் உதவி கிடைத்தால்தான் முளைக்கும். 1922-ல் அமெரிக்க விஞ்ஞானி லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த கூழ்மத்தில் பூஞ்சை இல்லாமலே முளைக்க வைக்கலாம் என்று காட்டினார். இன்றைக்கும் அது கிருமி நீக்கிய ஆய்வுக்கூடத்தில், கண்ணாடிக் குடுவைக்குள் நடக்கும் வேலை. அங்கேயே விதை பூவாக வருவதற்கு மூன்று முதல் ஐந்து வருஷம் ஆகும். நம்ம தொட்டியில் தூவினால் எதுவும் வராது.

இன்னொன்று, பளிச்சென்ற நீல ஃபலனாப்சிஸ். பூங்காம்பு வழியாகச் சாயம் ஏற்றியது. அடுத்த முறை வெள்ளையாகத்தான் பூக்கும்.

ஏற்காடு, கொல்லிமலைப் பக்கம் சுற்றுலா போகும்போது மரத்திலிருந்து பிய்த்த ஆர்கிட்டை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். காப்புக்காட்டிலிருந்து எடுப்பது குற்றம். நீல வாண்டா, சிவப்பு வாண்டா, லேடீஸ் ஸ்லிப்பர் வகைகளுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தனிப் பாதுகாப்பு உண்டு. உலக அளவில் எல்லாக் காட்டு ஆர்கிட்களின் வணிகமும் சைட்டிஸ் ஒப்பந்தக் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், குளிர்ந்த மலையில் வளர்ந்த அந்தச் செடி சோழவரத்தில் முதல் கோடையைத் தாண்டாது. காட்டு ஆர்கிட்களைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஏற்காட்டில் தாவரவியல் ஆய்வுத்துறையின் தேசிய ஆர்கிட் தோட்டம் இருக்கிறது.

சிங்கப்பூர், பாங்காக் போய்வரும் உறவினரிடம் 'ஒரு செடி பெட்டியில் போட்டுக் கொண்டு வா' என்று சொல்பவர்களுக்கும் இது பொருந்தும். 2003-ஆம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் உயிருள்ள செடியைக் கொண்டுவர முடியாது. விமான நிலையத்திலேயே பறிபோகும்.

பூ உதிர்ந்துவிட்டது, இனி என்ன?

டென்ட்ரோபியத்தில் பூ முடிந்ததும் காய்ந்த பூக்காம்பை மட்டும் வெட்டுங்கள். இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும் பழைய தண்டைச் செத்தது என்று நினைத்துப் பலர் வெட்டிவிடுகிறார்கள். சுருங்கினாலும் அழுகாமல் கெட்டியாக இருந்தால் விட்டுவைக்கணும். அதில் இருக்கும் சேமிப்பை வைத்துத்தான் புதுத் தண்டு கிளம்புகிறது, சில சமயம் அந்த மொட்டைத் தண்டே மறுபடி பூக்கும். தண்டின் நுனிப்பக்கக் கணுவில் குட்டிச் செடி முளைப்பதும் உண்டு. ஹவாய்த் தீவு மொழியில் குழந்தை என்று பொருள்படும் 'கெய்க்கி' என்ற பெயரால் அதைக் குறிப்பிடுகிறார்கள். அவசரப்பட்டுப் பிரிக்காமல், அதன் வேர் இரண்டு மூன்று அங்குலம் நீண்ட பிறகு வெட்டி, தனியாகக் கரித் தொட்டியில் வைத்தால் அடுத்த செடி இலவசம்.

ஃபலனாப்சிஸ் திரும்பப் பூக்க, சில வாரங்களுக்கு வெப்பநிலை 26 டிகிரிக்குக் கீழே இறங்கணும். நம்ம பக்கம் அந்த வாய்ப்பு வருஷத்தில் ஒரே ஒரு முறை, மார்கழி-தை ராத்திரிகளில்தான் கிடைக்கிறது. அந்த இரண்டு மாதமும் செடியை அறைக்குள் அடைத்து வைக்காமல், பனி நேரடியாக விழாத பால்கனி ஓரத்தில் ராத்திரி முழுக்க வைத்திருங்கள். இலைக்கு அடியிலிருந்து கையுறை விரல் மாதிரி தட்டையான நுனியோடு ஒன்று எட்டிப் பார்த்தால், அது வேர் இல்லை, பூக்காம்பு. அதற்குப் பிறகு தொட்டியைத் திருப்பாதீர்கள். வெளிச்சத்தை நோக்கியே காம்பு வளைந்து வளரும், பாதியில் திசை மாற்றினால் பூக்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்து நிற்கும்.